பன்னாட்டுக் கலைத்திட்டத்தைக் கொண்டு நம் பள்ளிக்கல்வியைச் சீரமைப்பது எப்படி: புதுச்சேரியிலிருந்து ஒரு வழிகாட்டி

புதுச்சேரிக்கெனத் தனியாக ஒரு பள்ளிக்கல்வி வாரியம் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் நெடுங்காலம் பின்பற்றி வந்தன. பிறகு அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகள் படிப்படியாக மத்திய வாரியத்தின் (சிபிஎஸ்இ) பாடத்திட்டத்துக்கு வந்தன. 2023-24 கல்வியாண்டில் மேல்வகுப்புகளும் மாறத் தொடங்கி, 2025-இல் முதல் அணி மாணவர்கள் சிபிஎஸ்இ பொதுத்தேர்வை எழுதினார்கள். இதே ஊரில் 1826-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லீசே என்ற பள்ளி இன்றும் பிரான்சு நாட்டின் கலைத்திட்டத்தையே நடத்துகிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் பன்னாட்டுக் கல்வி மையமோ பட்டமும் சான்றிதழும் வழங்காமலே தன் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. வெளியில் உருவான ஒரு கலைத்திட்டம் வகுப்பறைக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பல தலைமுறைகளாகப் பார்த்துவரும் ஊர் இது.

அதனால்தான் இந்த வழிகாட்டியை இங்கிருந்து எழுதுவது பொருத்தமாகத் தோன்றுகிறது. "பன்னாட்டுத் தரத்துக்கு நம் கல்வியை உயர்த்த வேண்டும்" என்ற அறிவிப்பு வந்தபின், அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு ஒரு சிலர் தலையில் விழுகிறது. பாடநூல் குழு உறுப்பினர்கள், ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள், வட்டார அலுவலர்கள், தலைமையாசிரியர்கள் ஆகிய அவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பன்னாட்டுச் சட்டகத்தின், அதாவது மாணவர் எதைக் கற்க வேண்டும், அதை எப்படி அளப்பது என்று வரையறுக்கும் பொது அமைப்பின், உயிர் அதன் இலக்குப் பட்டியலில் இல்லை, அதன் வினாத்தாளிலும் விடைத்தாளைத் திருத்தும் முறையிலும் இருக்கிறது. சீரமைப்பை அங்கிருந்து தொடங்கினால் மற்றவை பின்தொடரும். பாடநூல் அட்டையிலிருந்து தொடங்கினால் அட்டையோடு நின்றுவிடும்.

எந்த வகைச் சட்டகம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள்

"பன்னாட்டுக் கலைத்திட்டம்" என்ற ஒரே பெயரால் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் நம் கூட்டங்களில் பேசப்படுகின்றன. முதல் வகை, முழுமையான கல்வித்திட்டம். 1968-இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் (ஐபி), கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகள் ஆகியவை இதில் அடங்கும். பாடம், பயிற்சி, தேர்வு, பள்ளிக்கான அங்கீகாரம் எல்லாம் ஒரே கையில் இருக்கும். கட்டணமும் உண்டு, உரிமைக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டாம் வகை, திறன்நிலை அளவுகோல். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்டது, யாரும் எடுத்துப் படிக்கலாம். மூன்றாம் வகை, ஒப்பீட்டுத் தேர்வுக்கான சட்டகம். பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை 2000-ஆம் ஆண்டு முதல் அளந்துவரும் பீசா இவ்வகை. நான்காம் வகை, கல்வியின் நோக்கங்களைச் சொல்லும் ஆவணம். அறியக் கற்றல், செய்யக் கற்றல், சேர்ந்து வாழக் கற்றல், தானாக இருக்கக் கற்றல் என நான்கு தூண்களை முன்வைத்த யுனெஸ்கோவின் 1996-ஆம் ஆண்டு டெலோர் அறிக்கையை இதில் சேர்க்கலாம்.

ஒரு மாநிலத்தின் அல்லது ஒரு நாட்டின் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் முதல் வகையை அப்படியே வாங்கிவிட முடியாது. அதன் பயிற்சியும் கட்டணமும் சில பள்ளிகளோடு நின்றுவிடும் தன்மை உடையவை. நான்காம் வகை ஊக்கம் தரும், ஆனால் திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பில் என்ன செய்வது என்று அது சொல்லாது. முழு அமைப்பையும் சீர்திருத்துவதற்கு இரண்டாம், மூன்றாம் வகைகளே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. முதல் வகையிலிருந்து கற்க வேண்டியது அதன் மதிப்பீட்டு முறையை மட்டும்.

குறையைப் பெயர்சொல்லி எழுதுங்கள்

சட்டகத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக இதை நாடுகிறோம் என்பதை இரண்டு வாக்கியங்களுக்கு மிகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். "தரம் குறைவு" என்பது குறையின் பெயராகாது. "எட்டாம் வகுப்பு மாணவர்கள் பாடநூலில் உள்ள பத்தியைப் பற்றிய வினாவுக்கு விடையளிக்கிறார்கள், அதே அளவு கடினமுள்ள புதிய பத்தியைக் கொடுத்தால் விடையளிக்கத் தடுமாறுகிறார்கள்" என்பது குறையின் பெயர். இதற்கு மருந்து தேட முடியும்.

2009 சுற்றின் நீட்சியாக நடந்த பீசா தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் அடிமட்டத்தில் நின்றன. அடுத்து வந்த சுற்றுகளில் இந்தியா விலகியே இருந்தது. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொல்லப்பட்ட விளக்கத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவுக்கு வருவதும், அறிமுகமில்லாத பத்தியைப் படித்துப் பொருள் கொள்வதும் எந்த ஊருக்கும் அந்நியமானவை அல்ல. பொதுத்தேர்வில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறும் ஒரு மாநிலம் அப்படிப்பட்ட தேர்வில் தடுமாறியதற்கு, நம் பொதுத்தேர்வு வேறெதையோ அளந்துகொண்டிருந்தது என்பதுதான் காரணம். அந்த முடிவை அவமானமாகக் கருதி மூடிவைக்காமல் ஆய்வுப் பொருளாக எடுத்திருந்தால் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

குறையைக் கண்டறிய ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் அல்லது கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை போன்ற இடங்களில் உள்ள சாதாரணப் பள்ளிகளிலிருந்து, ஒரு பாடத்தின் அரையாண்டு விடைத்தாள்களைப் பெயர் மறைத்து வாங்குங்கள். ஒரு வகுப்பின் முதல் ஐந்து மாணவர்களுடையதை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. அதைத் தவிர்த்து, வருகைப்பதிவேட்டில் ஒவ்வொரு ஐந்தாவது பெயரும் என்று கேளுங்கள். வந்தவற்றை மதிப்பெண்படி அடுக்காமல், விடையின் இயல்புப்படி அடுக்குங்கள்: பாடநூல் வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருப்பவை, பாதி நினைவில் இருந்து பாதி அறுந்துபோனவை, சொந்த வாக்கியத்தில் தவறாக எழுதப்பட்டவை, சொந்த வாக்கியத்தில் சரியாக எழுதப்பட்டவை, ஒன்றும் எழுதாமல் விடப்பட்டவை. இரண்டாம் அடுக்கைக் கவனமாகப் பாருங்கள். மனப்பாடம் அறுந்த இடத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்பது அதில் தெரியும். பெரும்பாலும் அவர் வாக்கியத்தை மீட்க முயல்கிறார், பொருளை மீட்க முயல்வதில்லை. நாம் அவருக்குப் பொருள் கேட்கும் வினாவைத் தந்து பழக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

சட்டகத்தை வினாத்தாளின் வழியாகப் படியுங்கள்

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1889 முதல் இங்கு இயங்கும் அல்லியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்த யாரையாவது கேட்டால், பொது ஐரோப்பியச் சட்டகம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஏ1 நிலையின் விவரணை எளிமையானது: எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசினால், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும், எங்கே வசிக்கிறார், யாரைத் தெரியும், என்னென்ன வைத்திருக்கிறார் என்பன போன்ற வினாக்களைக் கேட்கவும் அவற்றுக்கு விடைசொல்லவும் முடியும். இது பட்டியலில் இருக்கும் வாக்கியம். இந்த வாக்கியத்துக்கு வலுவூட்டுவது, இந்த நிலைகளின்படி பிரெஞ்சு மொழித் திறனை அளக்கும் டெல்ஃப் தேர்வின் அமைப்பு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நான்கில் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது.

அந்தக் கடைசி விதியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும், வாய் திறக்காத மாணவர் தேர்ச்சி பெற முடியாது. ஆகவே ஆசிரியர் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்கச் சொல்லித் தனியாகச் சுற்றறிக்கை அனுப்பவும் தேவையில்லை. நம் ஆங்கிலப் பாடத்திலும் கேட்டலும் பேச்சும் நோக்கங்களாக எழுதப்பட்டே உள்ளன. சில இடங்களில் அகமதிப்பீட்டில் சில மதிப்பெண்ணும் உண்டு. அந்தச் சில மதிப்பெண்ணை எல்லாருக்கும் ஒரேமாதிரி போட்டு அனுப்பிவிட முடியும் என்பதால், நோக்கம் காகிதத்தில் தங்கிவிடுகிறது.

ஆகவே எந்தச் சட்டகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். மாதிரி வினாத்தாளை எடுத்து வையுங்கள், மதிப்பெண் வழங்கும் குறிப்பை எடுத்து வையுங்கள், ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில், "இதற்கு விடையளிக்க மாணவர் முந்தைய மாதங்களில் வகுப்பறையில் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தப் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டிய கலைத்திட்டம். பொது ஐரோப்பியச் சட்டகமே, பயிற்றுவிப்போர் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவிடத் தான் வரவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்தப் பணிவை அதைக் கொண்டுவருகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

இந்தியாவிலும் இந்தத் திசையில் அடி எடுத்து வைக்கப்பட்டுள்ளது. சிபிஎஸ்இ 9, 10 வகுப்புகளில் திறன் அடிப்படையிலான வினாக்களுக்குப் பாதி இடம் தந்திருக்கிறது. 2024-25 முதல் 11, 12 வகுப்புகளிலும் அந்தப் பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தியது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது இந்த வினாத்தாளின் கீழ் இருக்கின்றன. எனவே, நம் ஆசிரியர்களுக்கு இது தொலைதூர விவாதம் இல்லை.

ஓர் இலக்கை நம் மண்ணில் எழுதிப் பார்த்தல்

பட்டியலில் உள்ள நூறு இலக்குகளையும் மொழிபெயர்க்கும் வேலையை முதலில் எடுக்காதீர்கள். ஒரே ஓர் இலக்கை எடுத்து, வினாவும் திருத்தக் குறிப்பும் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். நடுநிலை வகுப்பு அறிவியலில் பன்னாட்டுச் சட்டகங்கள் பலவும் ஒரு திறனைக் குறிப்பிடுகின்றன: மாணவர் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, ஒரு நியாயமான சோதனையைத் திட்டமிட வேண்டும். நம் பாடத்தில் ஆவியாதல் வருகிறது. வழக்கமான வினா, "ஆவியாதல் என்றால் என்ன? அதைப் பாதிக்கும் காரணிகள் யாவை?" என்பதாக இருக்கும். கைடில் நான்கு வரியில் விடை உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போன குழந்தை உப்பளத்தைப் பார்த்திருக்கும். அந்தப் பாத்திகள் ஏன் அவ்வளவு அகலமாகவும், கணுக்கால் ஆழம்கூட இல்லாமலும் இருக்கின்றன என்று யாரும் அதனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வினாவை இப்படி எழுதலாம்: "இரண்டு பாத்திகளில் ஒரே அளவு உப்புநீர் நிரப்பப்படுகிறது. ஒன்று அகலமானது, ஆழம் குறைந்தது. மற்றொன்று ஒடுங்கியது, ஆழமானது. எதில் முதலில் உப்புப் படியும் என்று நினைக்கிறாய்? ஏன்? உன் விடை சரியா என்பதைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்க என்ன செய்வாய்? எவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்வாய்?"

திருத்தக் குறிப்பும் கூடவே எழுதப்பட வேண்டும். அகலமான பாத்தி என்று மட்டும் சொன்னால் 1. காற்றும் வெயிலும் படும் பரப்பு அதிகம் என்ற காரணத்தைத் தன் சொற்களில் சொன்னால் 2. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் எடுத்து, ஒரே உப்புநீரை ஒரே அளவு ஊற்றி, ஒரே இடத்தில் வைத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன் என்பதுபோலத் திட்டம் சொன்னால் 3. திட்டம் இருந்து, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்திருந்தால் 2-தான். "டம்ளரில்தான் முதலில் படியும்" என்று சொல்லிவிட்டுச் சரியான சோதனையைத் திட்டமிட்ட மாணவருக்கு எவ்வளவு தருவது? இந்த இடத்தில் குழுவுக்குள் வாதம் எழும், எழ வேண்டும். சோதனை என்பதே தவறைக் கண்டுபிடிப்பதற்காக இருப்பதால் அவருக்கு 2 தரலாம் என்பேன். வேறு முடிவுக்கும் வரலாம், ஆனால் வந்த முடிவை எழுதிவைத்து எல்லாப் பள்ளிகளும் அதையே பின்பற்ற வேண்டும்.

இந்த ஒரு வினாவை உருவாக்கும்போதே, இதற்கு எத்தனை பாடவேளை வேண்டும், உப்பும் தட்டும் பள்ளியில் உண்டா, எழுதத் தடுமாறும் மாணவர் படம் வரைந்து காட்டினால் ஏற்பதா என்ற வினாக்கள் ஒவ்வொன்றாக வந்துவிடும். சட்டகத்தை நாடு முழுவதும் அறிவித்தபின் எழும் சிக்கல்களை முன்கூட்டியே ஒரு மேசையில் பார்த்துவிடலாம்.

எதை வாங்கலாம், எதை நாமே எழுத வேண்டும்

அளவுகோலையும் திருத்தும் முறையையும் கடன் வாங்கலாம். பாடநூலைக் கடன் வாங்கக் கூடாது. மலேசியா தன் ஆங்கிலக் கல்வியைப் பொது ஐரோப்பியச் சட்டகத்தோடு பொருத்த எடுத்த முயற்சியின் தொடக்கம் பாராட்டத்தக்கது: 2013-இல் கேம்பிரிட்ஜ் வல்லுநர்களைக் கொண்டு மாணவர்களும் ஆசிரியர்களும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அளந்தார்கள், 2015 முதல் 2025 வரைக்குமான பத்தாண்டு வழித்திட்டத்தை வெளியிட்டார்கள். முன்பள்ளி முதல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை ஒரே அளவுகோல் என்பது அதன் வலிமை. ஆனால் உள்நாட்டு நூல்களுக்குப் பதிலாக வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்களைக் கொண்டுவந்தபோது, மலேசியக் கிராமத்துக் குழந்தைக்கு அறிமுகமில்லாத வாழ்க்கையைப் பேசும் பாடங்கள் என்று அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. அளவுகோல் பொதுவாக இருக்கலாம். அளக்கப்படும் உரைப்பகுதி நம்முடையதாக இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் பட்டறிவு இன்னும் கனமானது. நிறவெறி ஆட்சி முடிந்த பின், கற்றல் விளைவுகளை மையமாகக் கொண்ட பன்னாட்டுச் சிந்தனையை ஏற்று, "கரிகுலம் 2005" என்ற பெயரில் 1998 முதல் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனார்கள். நோக்கம் உயர்ந்தது, அடிமைக் கல்வியிலிருந்து விடுபட்ட ஒரு மக்கள் அதை மனமார வரவேற்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 2000-ஆம் ஆண்டு, மறு ஆய்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. புரியாத கலைச்சொற்கள், சில நாட்களில் முடிந்துபோன பயிற்சி, போதாத பாடப்பொருள்கள் ஆகியவற்றை அந்தக் குழு சுட்டிக்காட்டியது. வசதியும் நூலகமும் நல்ல பயிற்சியும் உள்ள பள்ளிகள் சமாளித்துக்கொண்டன, எந்தப் பள்ளிகளுக்காகச் சீர்திருத்தம் தொடங்கப்பட்டதோ அவையே அதிகம் தவித்தன. 2012 முதல் என்ன, எந்த வாரத்தில், எந்த வரிசையில் என்று தெளிவாகச் சொல்லும் வேறொரு கலைத்திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறை விதி: எழுதிய இலக்கு ஒவ்வொன்றையும் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் வாசித்துக்காட்டி, "இதை உங்கள் வகுப்பில் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் இரண்டு முறை படித்தும் சொல்ல முடியாவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள். ஆசிரியரை மாற்ற முயலாதீர்கள்.

பயிற்றுமொழியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கலைத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி மூன்றையும் ஒரே ஆண்டில் மாற்றினால், மாணவர் எதனால் தடுமாறுகிறார் என்று எவராலும் பிரித்தறிய முடியாது. ஐபி போன்ற அமைப்புகூட ஜப்பானில் பட்டயப் படிப்பின் சில பாடங்களை ஜப்பானிய மொழியில் நடத்த இசைந்திருக்கிறது. பன்னாட்டுத் தரம் என்றாலே ஆங்கில வழி என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு எந்தச் சட்டகமும் காரணமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும், நடைமுறைக்கு இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

சாதாரணப் பள்ளியில் சோதியுங்கள்

கசகஸ்தான் 2008-இல் நசர்பாயெவ் அறிவுசார் பள்ளிகளைத் தொடங்கி, கேம்பிரிட்ஜ் போன்ற கூட்டாளிகளுடன் புதிய கலைத்திட்டத்தை அங்கே உருவாக்கிச் சோதித்து, 2016 முதல் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் படிப்படியாகக் கொண்டுசென்றது. முதலில் சோதனை, பிறகு விரிவாக்கம் என்ற வரிசை சரியானது. அவசரப்பட்டு ஒரே ஆண்டில் செய்யாமல் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதும் சரியானது. ஆனால் அந்தப் பள்ளிகள் நுழைவுத்தேர்வு வைத்து மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவை, தாராளமான நிதி பெறுபவை. அங்கே வெற்றிபெற்ற முறை, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் கிராமப் பள்ளியில் வெற்றிபெறும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

நம்மிடமும் மாதிரிப் பள்ளி, சிறப்புப் பள்ளி என்ற பெயர்களில் இந்த ஆசை வந்துகொண்டே இருக்கிறது. முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளில் மீனவக் கிராமத்துப் பள்ளி ஒன்றும், முந்திரிக்காட்டுப் பகுதியில் அறுவடைக் காலத்தில் வருகை குறையும் பள்ளி ஒன்றும், நகரத்தில் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் உட்காரும் பள்ளி ஒன்றும் இருக்கட்டும். இருக்கும் ஆசிரியர்களையே வைத்துக்கொள்ளுங்கள். முன்னோட்டத்துக்கென்று திறமைசாலிகளை இடமாற்றம் செய்து கொண்டுவந்தால் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது.

நாட்களை எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1000 கற்பித்தல் மணி என்று வரையறுக்கிறது. நாள்தோறும் 40 நிமிடம் கொண்ட ஒரு பாடவேளை அறிவியலுக்குக் கிடைத்தாலும் மொத்தம் 147 மணியைத் தாண்டாது. தேர்வு நாட்கள், விழாக்கள், ஆசிரியருக்கான பிற பணிகள் ஆகியவற்றைக் கழியுங்கள். பிறகு வடகிழக்குப் பருவமழையைக் கழியுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையேறிய கடற்கரை இது. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிகள் மூடப்படும், சில பள்ளிகள் நிவாரண முகாம்களாகும். வேறொரு தட்பவெப்பத்தில் வரையப்பட்ட ஆண்டு அட்டவணை இதை அறியாது. எனவே நீண்ட செயல்திட்டங்களையும் சோதனைகளையும் ஆடி, ஆவணிக்கும் தை, மாசிக்கும் தள்ளுங்கள். மழை மாதங்களுக்கு வீட்டிலிருந்தே வாசிக்கவும் எழுதவும் இயலும் பகுதிகளை வையுங்கள். மிச்சமிருக்கும் மணிக்குள் அடங்காத பாடப்பொருளை நீக்குங்கள். புதிய திறன் ஒன்றைச் சேர்க்கும்போது பழைய அத்தியாயம் ஒன்றை எடுக்க மறுக்கும் குழு, திறனைச் சேர்க்கவில்லை என்றே பொருள்.

ஆசிரியர்கள் கூடித் திருத்தட்டும்

பயிற்சி என்றால் மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டுவது என்ற வழக்கத்தை இந்தப் பணிக்கு ஒதுக்கிவையுங்கள். அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான ஒரு குறுவளமையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் போதும். உப்பளம் பற்றிய வினாவுக்கு வந்த விடைத்தாள்களில் எட்டை நகலெடுத்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டபின் ஒப்பிடுங்கள். ஒரே விடைக்கு ஒருவர் 3-உம் மற்றவர் 1-உம் போட்டிருப்பார். ஏன் என்று இருவரும் விளக்க வேண்டும். அந்த அரைமணி நேரப் பேச்சில் ஓர் ஆசிரியர் தான் இதுவரை எதற்கு மதிப்பெண் தந்துவந்தார் என்பதைத் தானே கண்டுகொள்கிறார். பன்னாட்டுத் தேர்வு அமைப்புகள் தங்கள் திருத்துநர்களைச் சீராக்குவதும் ஏறத்தாழ இப்படித்தான். இதற்குத் தேவை நகலெடுக்கும் செலவும், மாதம் ஒரு பிற்பகலும், அந்தப் பிற்பகலை வேறு எந்தக் கூட்டத்துக்கும் விட்டுக்கொடுக்காத ஓர் அலுவலரும்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வேரூன்றி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியதை இங்கே நினைவுகூரலாம். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியில் கண்டதை ஆசிரியர்களே தங்கள் வகுப்புக்கேற்பக் கற்றல் அட்டைகளாக மாற்றியது அதன் தொடக்க கால வலிமை. தயாராக அச்சிட்டு அனுப்பப்பட்ட அட்டையோடு ஆசிரியருக்கு அந்த உறவு ஏற்படுவதில்லை.

சட்டம், ஆட்சி, பெற்றோர்

1976 முதல் கல்வி, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், மாநில அரசோ ஒன்றிய அரசோ தனியாக முழுச் சீரமைப்பையும் செய்துவிட முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி கலைத்திட்டத்தை வகுக்க வேண்டியது அரசு அறிவிக்கும் கல்வி அதிகார அமைப்பு. ஆகவே வெளிநாட்டு அமைப்போடு செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எவ்வளவு பெரிய விழாவில் கையெழுத்தானாலும், அந்த அமைப்பின் வழியாக வராத மாற்றத்துக்கு ஆயுள் குறைவு. ஆந்திரம் 2024 தொடக்கத்தில் ஐபி அமைப்போடு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் அங்கே ஆட்சி மாறியது. ஒரு கட்சியின் சாதனையாக அறிவிக்கப்படும் கலைத்திட்டம் அடுத்த ஆட்சிக்குச் சுமையாகிவிடுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர்களையும் ஆசிரியர் சங்கங்களையும் முதல் விடைத்தாள் ஆய்விலேயே அழைத்து உட்கார வையுங்கள். அந்த அடுக்குகளைக் கண்ணால் பார்த்தவர் பின்னாளில் அதை எளிதில் கலைக்க மாட்டார்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. "நீட் தேர்வுக்கு இது உதவுமா?" என்று கேட்பார்கள். உதவும் என்று உறுதி சொல்லாதீர்கள். மேல்படிப்புக்கான நுழைவுத்தேர்வு வேறொன்றைக் கேட்கும்வரை, மேல்நிலை வகுப்புகளில் அதன் இழுப்பு இருந்தே தீரும். அதனால்தான் சீரமைப்பை 3 முதல் 8 வரையான வகுப்புகளில் ஆழமாகச் செய்ய வேண்டும் என்கிறேன். அங்கே பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லை, வாசித்துப் பொருள் கொள்ளும் பழக்கமும் அப்போதுதான் படிகிறது. பெற்றோர் கூட்டத்தில் விளக்கவுரைக்குப் பதிலாக, அவர்கள் பிள்ளையின் பழைய விடைத்தாளையும் புதிய விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க, பாடத்துக்கு ஐந்தாறு வினாக்களை யாருக்கும் வெளியிடாமல் பாதுகாத்து, ஆண்டுதோறும் அதே வகுப்பில், அதே மாதத்தில், அதே திருத்தக் குறிப்புடன் கொடுங்கள். பீசா ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடுவது இப்படிப் பொதுவினாக்களை வைத்துத்தான். எந்தப் பள்ளி முதலிடம் என்று பட்டியல் போடாதீர்கள். போட்ட மறுவாரமே அந்த வினாக்கள் கைடில் வந்துவிடும். எழுதாமல் விட்டவர்களின் எண்ணிக்கையைத் தனியே குறித்துவையுங்கள், முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரி மதிப்பெண்ணைவிட அந்த எண் குறைகிறதா என்பதையே பாருங்கள். ஐந்தாம் ஆண்டு முடியும்போது இலக்குப் பட்டியலைத் திருத்துவதற்கான குழுவை முதல் ஆண்டு ஆணையிலேயே, தேதியோடு, அறிவித்துவிடுங்கள். அந்தக் குழுவில் பாதிக்குமேல் முன்னோட்டப் பள்ளிகளில் அந்த ஐந்தாண்டும் பாடம் நடத்தியவர்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் எழுதப்படட்டும்.